வெள்ளையம்மா ஏறினால் எரியும் லைட்டு

என் மருமகன் போடியில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். வேலையை விட்ட பிறகு தினமும் காலையில் அங்கே போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். வேலை ஒன்றும் செய்வதில்லை, குறை மட்டும் சொல்வேன். அவர்களும் பழகிவிட்டார்கள். டீ வாங்கிக் கொடுத்தால் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

சமீபத்தில் ஒரு கார் வந்தது. என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது என்றார் வண்டிக்காரர். கம்ப்யூட்டரைச் சொருகினார்கள். அது ஒரு சென்சாரின் பெயரைச் சொன்னது. சென்சாரை மாற்றி, விளக்கை அணைத்து அனுப்பினார்கள். சில நாளில் கார் திரும்பி வந்தது. அதே விளக்கு, அதே சென்சார். மறுபடியும் மாற்றினார்கள், மறுபடியும் வந்தது. "சென்சாரே மட்டமான சரக்கு மாமா" என்று மருமகன் அலுத்துக்கொண்டதும் எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இதே வார்த்தையை என் முதலாளி வாயிலிருந்து நான் வாலிபத்தில் கேட்டிருக்கிறேன்.

"எப்ப எரியுது? எந்த ரோட்டுல? வண்டில யாரு யாரு இருக்கையில எரியுது?" என்று கேட்டேன்.

"யாரு இருந்தா என்ன மாமா? கம்ப்யூட்டர்தான் சொல்லுதே!"

அங்கேயே உட்கார வைத்துக் கதையைச் சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்று அவர்கள் கேட்டதால் எழுதுகிறேன். (அந்தக் காரில் எலி வயரைக் கடித்திருந்தது. எலி கடித்தது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?)

நான் தொழில் கற்றது மைதீன் பாய் ஒர்க்‌ஷாப்பில். போடியிலிருந்து தேவாரம் போகிற ரோட்டில், ஒரு புளிய மரத்தடியில் தகரக் கொட்டகை. எழுபதுகளின் தொடக்கத்தில், பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவராது என்று பள்ளிக்கூடமும் நானும் ஒருமனதாக முடிவு செய்த பிறகு, அங்கே போய்ச் சேர்ந்தேன். முதல் சில வருஷம் கழுவினேன், துடைத்தேன், திட்டு வாங்கினேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா மெக்கானிக்கும் அப்படித்தான் வந்திருப்பான்.

பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனுஷன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என்ஜின் வேலை பார்ப்பார், சட்டையில் ஒரு சொட்டுக் கறை இருக்காது. வண்டி வந்ததும் பானெட்டைத் திறக்க மாட்டார். முதலில் டிரைவருக்கு டீ சொல்வார். அவன் டீ குடித்து முடிக்கும்வரை வண்டியின் கதையைச் சொல்ல வேண்டும், பாய் குறுக்கே பேசாமல் கேட்பார். அதன் பிறகுதான் நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுப்பார். அதன் முனையை ஓடுகிற என்ஜினில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடுவார். அந்த நேரத்தில் யாராவது இருமினால்கூட, "ஏப்பா, வெளிய போய் இருமுப்பா" என்பார். கோபம் வந்தாலும் அந்த 'ப்பா' மட்டும் போகாது.

அவரிடம் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. கழற்றிய சாமான் எதையும் உடனே தூக்கிப் போட விடமாட்டார். துடைத்து அந்த டின்னில் வைக்க வேண்டும். "வண்டி நல்லா ஓடுதுன்னு டிரைவர் வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் இதுதான் குத்தவாளின்னு நமக்குத் தெரியாதுப்பா" என்பார்.

ஒருமுறை இலவம்பஞ்சு லோடு அடிக்கிற வண்டி ஒன்று கொதித்துக்கொண்டே வந்தது. போடியில்தான் தெருவுக்குத் தெரு பஞ்சு மூட்டை உண்டே. சூடு காட்டுகிற மீட்டர்தான் தப்பு என்று நான் அதை மாற்றினேன். அப்புறமும் கொதித்தது. பாய் ரேடியேட்டர் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, அதன் இடுக்கிலிருந்து விரலால் பஞ்சை இழுக்க ஆரம்பித்தார். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. "ஒரு தலையணைக்கு ஆகும்ப்பா, கல்யாணத்துக்கு வச்சுக்க" என்று என் கையில் கொடுத்தார். பழைய மீட்டர் டின்னிலிருந்து வண்டிக்குத் திரும்பிப் போயிற்று. இப்படிப்பட்ட மனுஷனே ஒரு சிவப்பு லைட்டிடம் சறுக்கினார் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

எண்பதுகளின் தொடக்கம். நான் அப்போது பாய்க்கு அடுத்த மெக்கானிக். பரமன் என்று ஒரு டிரைவர், சொந்தமாக ஒரு ஜீப்பு வைத்திருந்தான். என்னைவிட இளையவன், நல்ல பையன், ஆனால் ரொம்பப் பயந்த சுபாவம். தினமும் விடிகாலையில் சிலமலையிலும் போடியிலும் பெண்களை ஏற்றிக்கொண்டு, மலையடிவாரத்து முந்தல் வழியாகப் போடிமெட்டு ஏறி, பூப்பாறை பக்கம் ஒரு ஏலத் தோட்டத்தில் காய் எடுக்க இறக்கிவிடுவான். சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவான். அந்த ஜீப்பில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கேட்காதீர்கள். போலீஸ்காரர் எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிடுவார்.

அந்த ஜீப்பில் ஆயில் லைட்டு எரிகிறது என்று வந்தான். என்ஜினில் கட்டை விரல் அளவுக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். உள்ளே ஆயில் அழுத்தம் இருந்தால் டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு லைட்டு அணைந்திருக்கும், அழுத்தம் போனால் எரியும். அது எரிந்தால் அந்த நிமிஷமே என்ஜினை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் உள்ளே எல்லாம் உரசி இறுகி, என்ஜின் செத்துப்போகும். பரமனுக்கு இதைப் பாய் ஏற்கெனவே நன்றாகப் பயமுறுத்திச் சொல்லியிருந்தார். அதனால் லைட்டு எரிந்ததும் மலைப்பாதையில் எங்கே இருந்தாலும் நிறுத்திவிடுவான். பெண்கள் எல்லாரும் இறங்குவார்கள். ஆயில் குச்சியை இழுத்துப் பார்ப்பான், ஆயில் சரியாக இருக்கும். கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் லைட்டு எரியாது. ஏறி இன்னும் கொஞ்ச தூரம் போனால் மறுபடி எரியும். தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது நேரமாகியிருக்கும். கங்காணி எல்லாருக்கும் அரைநாள் சம்பளம்தான் என்று சொல்லிவிடுவார்.

பாய் முறைப்படி பார்த்தார். சுவிட்சிலிருந்து வயரைக் கழற்றினார், லைட்டு அணைந்தது. வயரை என்ஜின் இரும்பில் தொட்டார், எரிந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பிரஷர் மீட்டரை முடுக்கி என்ஜினை ஓட்டினார். முள் அசையாமல் நின்றது, அழுத்தம் நன்றாக இருந்தது. வயரை என்ஜின் பக்கம் முழுக்க விரலால் தடவிப் பார்த்தார், எங்கும் வெட்டு இல்லை. ஆக, சுவிட்ச்தான் கெட்டது என்று புதுசு போட்டார். பழையது டின்னுக்குள் போயிற்று. அவரே ஓட்டிக்கொண்டு முந்தல் வரை போய் வந்தார். லைட்டு எரியவில்லை.

மறுநாள் மலையில் எரிந்தது. இன்னொரு புது சுவிட்ச் போட்டார். அப்புறமும் எரிந்தது. "சுவிட்சே மட்டமான சரக்குப்பா" என்றார் பாய். அவர் ஒரு சாமானைக் குறை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்போது பரமன் தலையைச் சொறிந்துகொண்டு ஒன்று சொன்னான். "பாய், தப்பா நெனக்கக் கூடாது. வண்டில வெள்ளையம்மான்னு ஒரு பொம்பள வருது. அது ஏறுனாத்தான் லைட்டு எரியுது. அது வராத அன்னிக்கு எரியறதில்ல. நான் சொல்லல, பொம்பளைக எல்லாரும் சொல்றாக. ராசியில்லாத பொம்பளையாம்."

டீ குடித்து முடிக்கும்வரை யார் பேச்சையும் வெட்டாத பாய், அன்றைக்கு வெட்டினார். "ஏப்பா, இது ஒர்க்‌ஷாப்பா, குறி சொல்ற எடமா? எந்திரிச்சுப் போப்பா!" நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஆனால் மலையில் யாரும் சிரிக்கவில்லை. வெள்ளையம்மா சிலமலைக்காரி. புருஷன் செத்து, இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கஷ்டப்பட்டாள். நல்ல உயரமான, எலும்பும் சதையுமான ஆள். அதே தோட்டத்துச் சரிவில் சாக்கோடு வழுக்கி விழுந்து ஒரு முழங்கால் மடங்காமல் போயிருந்தது. காலை நீட்டிக்கொண்டுதான் உட்கார முடியும். அப்படி இருந்தும் காய் எடுப்பில் அவள் கைக்கு யார் கையும் ஈடு இல்லை என்பார்கள். புருஷன் போனது, கால் போனது, இப்போது லைட்டு எரிவது என்று எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்துவிட்டார்கள். இன்னொரு தடவை லைட்டு எரிந்து வண்டி பிந்தினால் வெள்ளையம்மாவைக் கூட்டி வராதே என்று கங்காணி பரமனிடம் சொல்லிவிட்டார்.

பாய் என்னைக் கூப்பிட்டு, "நீ லோடோட போய்ட்டு வாப்பா. காலி வண்டில எரியாட்டி லோடு வண்டில எரியலாம்" என்றார். மறுநாள் விடிகாலை போய் நின்றேன். மெக்கானிக் வருகிறார் என்றதும் பெண்களுக்கு ஒரே மரியாதை. "முன்னால உக்காருங்க தம்பி, மொதல்ல அவுகளுக்கு எடம் விடுங்கடி" என்று முன் சீட்டைத் துடைத்து எனக்குக் கொடுத்தார்கள். காலைத் தூக்கிச் சம்மணம் போட்டு, ஏதோ கல்யாண மாப்பிள்ளை மாதிரி டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டு போனேன். போடிமெட்டு தாண்டித் தோட்டம் வரை லைட்டு ஒரு தரம்கூடக் கண் சிமிட்டவில்லை.

"தம்பி கைராசிக்காரரு!" என்று பேச்சி என்ற பெண் சத்தமாகச் சொன்னாள். அந்த வண்டியிலேயே வாய் நீளமானவள் அவள்தான். "அவ வண்டில இருந்தும் எரியலைன்னா பாத்துக்கங்களேன், இவரு ராசி அத அமுக்கிருச்சு." எல்லாரும் என்னைப் பார்த்துக் கும்பிடாத குறைதான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் போய் என் மனைவியிடம்கூடச் சொன்னேன். "கைராசிக்காரரு கொடத்துல தண்ணி கொண்டாங்க" என்று அவள் குடத்தை நீட்டினாள்.

அடுத்த நாள் நான் போகவில்லை. மலையில் லைட்டு எரிந்தது. கங்காணி சொன்னது சொன்னதுதான் என்று வெள்ளையம்மாவை அன்றோடு நிறுத்திவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஒரு வாரம் லைட்டு எரியவே இல்லை. பரமன் காராச்சேவு பொட்டலத்தோடு வந்தான். பாய், புது சுவிட்ச் செட் ஆகிவிட்டது என்றார். கங்காணி, பீடை போய்விட்டது என்றார். எல்லாருக்கும் சந்தோஷம். நானும் கை கழுவிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஒரு நாள் மதியம், ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு காலை இழுத்து இழுத்து வெள்ளையம்மா வந்து நின்றாள். சிலமலையிலிருந்து பஸ்சில் வந்திருக்கிறாள். ஸ்டூலைப் போட்டேன், உட்காரவில்லை.

"இங்க லைட்டு ரிப்பேர் பாக்குற தம்பி நீதான?"

"ஆமாக்கா."

"அந்த லைட்டுக்கும் எனக்கும் என்ன தம்பி வழக்கு?"

அவள் அழுவாள் என்று பயந்தேன். அவள் அழவில்லை, கோபமாக இருந்தாள்.

"காய் எடுப்பு மும்முரமா நடக்குது. ஊர்ல இருக்குற ஜீப்பு அம்புட்டும் மலைக்குப் போகுது. ஒருத்தனும் என்னைய ஏத்த மாட்டேங்குறான். ஒரு வண்டில வந்த பேச்சு எல்லா வண்டிக்கும் போயிருச்சு. எம்பிள்ளைக ரெண்டும் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்குதுக. பெரியவளப் பொண்ணு கேக்க வந்தவுக, ஆத்தாக்காரி ராசி சரியில்லையாமேன்னு திரும்பிப் போயிட்டாக. ஒன்னுதான் கேக்க வந்தேன். நீ வந்த அன்னிக்கு நானும் வண்டிலதான இருந்தேன்? அன்னிக்கு ஏன் எரியல?"

"எல்லாரும் என் ராசின்னாக..." என்று சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

"உன் ராசி கெடக்குது! நெசத்தச் சொல்லு."

அப்போதுதான் எனக்குள் ஏதோ பிடிபட ஆரம்பித்தது. "அன்னிக்கு நீங்க எங்கக்கா உக்காந்திருந்தீக?"

"எங்க உக்கார? பின்னாலதான். காலு மடங்காதுன்னு எப்பவும் எனக்குத்தான் முன் சீட்டு. அன்னிக்கு உனக்கு விட்டுக் குடுத்தேன். பின்னால நாலு பேரு மடிமேல கால நீட்டிட்டு, வலி தாங்காம வந்தேன்."

"மறுநாளு?"

"முன்னாலதான்."

"நீங்க வராத நாள்ல முன் சீட்டுல யாரு உக்காருவா?"

"பேச்சி. ரெண்டு காலையும் தூக்கிச் சம்மணம் போட்டு மகாராணி மாதிரி உக்காருவா."

நான் திரும்பிப் பார்த்தேன். பாய் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கையில் கந்தல் துணி அப்படியே இருந்தது. பரமன் பார்த்தது சரி, அதற்கு அவன் கண்டுபிடித்த காரணம்தான் தப்பு. நாங்களோ காரணம் தப்பு என்று சிரித்து, அவன் பார்த்ததையும் சேர்த்து வெளியே தள்ளியிருக்கிறோம். லைட்டு எரிவதற்கும் இந்த அம்மாளுக்கும் நிஜமாகவே ஏதோ சம்பந்தம் இருக்கிறது. அது ராசி இல்லை, அவ்வளவுதான்.

"சாயங்காலம் வண்டி வந்ததும் யாருக்கும் தெரியாம இங்க வச்சுப் பாத்துருவோம்க்கா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "மாட்டேன். நாலு பேரு முன்னால சொன்னாக. நாலு பேரு முன்னாலதான் பாக்கணும்."

எனக்கு இன்னும் என்ன ஏது என்று தெரியாது. எல்லாரும் பார்க்க அவளை முன் சீட்டில் உட்கார வைத்து, லைட்டு எரிந்து, காரணத்தை என்னால் காட்ட முடியாமல் போனால்? அதற்கப்புறம் இந்த ஊரில் அவள் எந்த வண்டியிலும் கால் வைக்க முடியாது. பிள்ளைகள் தலையிலும் அது விடியும். இதை அவளிடமே சொன்னேன்.

"இப்ப மட்டும் என்ன வாழுதாம்?" என்றாள்.

"நானும் வர்றேன்ம்மா" என்றார் பாய்.

அன்று இரவே பாய் ஜீப்பில் ஒரு வேலை செய்தார். சுவிட்ச் இருக்கும் இடத்தில் இரண்டு வாய் உள்ள ஒரு துண்டுக் குழாயை முடுக்கி, ஒரு வாயில் சுவிட்சையும் மறு வாயில் பிரஷர் மீட்டரையும் மாட்டினார். மீட்டரின் குழாயை வண்டிக்குள்ளே கையில் பிடிக்கிற மாதிரி நீளமாகக் கொண்டுவந்தார். "லைட்டு எரியும்போது முள்ளு எறங்குச்சுன்னா என்ஜின்ல கோளாறு. முள்ளு அசையலைன்னா லைட்டு பொய் சொல்லுது" என்றார். பரமனிடம் கண்டிப்பாகச் சொன்னோம்: கங்காணி என்ன சொன்னாலும் நாளைக்கு வெள்ளையம்மாவை ஏற்று, லைட்டு எரிந்தால் மெதுவாக நிறுத்து, என்ஜினை அணைக்காதே, நான் சொல்லும்வரை ஒருவரும் இறங்கக் கூடாது.

காலையில் வெள்ளையம்மா முன் சீட்டில் ஏறியதும் வண்டிக்குள் முணுமுணுப்பு எழுந்தது. "இன்னிக்கும் அரைச் சம்பளம்தான்" என்றாள் பேச்சி. பாய் தன் வெள்ளைச் சட்டையோடு பின்னால் பெண்களுக்கு நடுவே ஒடுங்கி, மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் வெள்ளையம்மா பக்கத்தில் வெளியே படியில் நின்று, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தேன். சமதளத்தில் ஒன்றுமில்லை. முந்தல் தாண்டி ஏற்றம் பிடித்தது. முதல் வளைவில் ஒன்றுமில்லை. அடுத்ததிலும் இல்லை. ஒரு பெரிய கொண்டை ஊசி வளைவில் வண்டி சாய்ந்து திரும்பியது. வெள்ளையம்மா விழாமல் இருக்க நீட்டிய காலை முன்தகட்டில் ஊன்றி அழுத்தினாள். சிவப்பு லைட்டு பளிச்சென்று எரிந்தது.

"பாத்தீகளா! நான் சொன்னேன்ல!" என்று பின்னால் ஒரே கூச்சல். பரமன் வண்டியை ஓரம் கட்டினான். வெள்ளையம்மா முகம் செத்துப்போயிற்று.

"முள்ளு அசையலப்பா!" என்று கத்தினார் பாய். "ஒருத்தரும் எறங்காதீக!"

"அக்கா, இருக்குறபடியே இருங்க, கால ஆட்டாதீக" என்று சொல்லிவிட்டு, படியில் குத்தவைத்து உட்கார்ந்து டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்தேன். என்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் தகட்டில் ஓர் ஓட்டை. அதன் வழியாகத்தான் சுவிட்சின் வயர் உள்ளே வருகிறது. ஓட்டைக்கு ரப்பர் வளையம் இல்லை, தகட்டு விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. வெள்ளையம்மாவின் குதிகால் சரியாக வயரை அந்த விளிம்போடு சேர்த்து அமுக்கிக்கொண்டிருந்தது. வயரின் தோல் அங்கே வெட்டுப்பட்டு, செம்புக் கம்பி இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது. லைட்டு எரியாமல் என்ன செய்யும்? வண்டி நின்றதும் எல்லாரும் இறங்கிவிடுவார்கள், அவள் கால் வயரை விட்டு விலகிவிடும், லைட்டும் அணைந்துவிடும்.

"அக்கா, இப்ப கால எடுங்க."

எடுத்தாள். லைட்டு அணைந்தது.

"வைங்க."

எரிந்தது.

"எடுங்க."

அணைந்தது. அதற்கப்புறம் நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அவளே வைத்தாள், எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். லைட்டு அவள் சொன்னபடி கேட்டது. முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் செய்தாள். பிறகு திடீரென்று கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"அடியே பேச்சி, எறங்கி வா" என்றாள். "வந்து இங்க உக்காரு."

"நான் எதுக்கு மதினி..."

"வாடின்னா!"

பேச்சி வந்து உட்கார்ந்தாள். சம்மணம் போடப் போனவளின் காலைப் பிடித்து வெள்ளையம்மாவே நீட்டி வைத்து, "அமுக்கு" என்றாள். பேச்சி அமுக்கினாள். லைட்டு எரிந்தது. "ஆத்தாடி, ராசி கெட்டவ!" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, ஜீப்பே குலுங்குகிற மாதிரி எல்லாரும் சிரித்தார்கள். பேச்சியும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்துவிட்டு, "வாய் தவறிப் பேசிட்டேன் மதினி, மனசுல வச்சுக்காதீக" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சிரிக்காதவர் பாய் ஒருத்தர்தான். இறங்கி வந்து அந்த ஓட்டையை ரொம்ப நேரம் பார்த்தார். முன்பு அந்த ஜீப்பில் பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு டீசல் என்ஜின் வைத்தது எங்கள் ஒர்க்‌ஷாப்தான். பாயே முன்னால் நின்று செய்த வேலை. வயரை அந்த ஓட்டை வழியாக விட்டது யார் என்று அவர் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"அம்மா" என்றார் வெள்ளையம்மாவிடம், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "இந்த வயர இந்த வழியா விட்டது நான். ரப்பர் போடாம விட்டதும் நான். பரமன் வந்து சொன்னப்போ காது குடுத்துக் கேக்காததும் நான்தான். உங்க ராசில ஒரு குத்தமும் இல்ல."

அங்கேயே வெட்டுப்பட்ட இடத்தில் டேப் சுற்றி, சைக்கிள் டியூபை வெட்டி ஓட்டைக்கு வளையம் போட்டேன். வயரைக் கால் படாத உயரத்தில் ஏற்றிக் கட்டினேன். சாயங்காலம் வண்டி திரும்பி வந்ததும் பாய் பிஸ்கட் டின்னைத் திறந்து, முதன்முதலில் கழற்றிய பழைய சுவிட்சை எடுத்து என்னிடம் கொடுத்தார். "இத மறுபடி மாட்டுப்பா. குத்தம் செய்யாதத எதுக்கு வெளிய போட்டு வச்சிருக்க?" என்றார். மாட்டினேன், நன்றாக வேலை செய்தது.

வெள்ளையம்மா வண்டியை விட்டு இறங்காமல் அந்த லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இனிமே இது எரியவே எரியாதுல்ல தம்பி?"

பொய் சொல்ல மனசு வரவில்லை. "எரியும்க்கா. நெசமாவே ஆயில் போச்சுன்னா எரியணும். அதுக்குத்தான் அது இருக்கு."

"அப்ப நான் உள்ள இருந்தேன்னா?"

எந்த ஸ்பேனரும் அந்தக் கேள்விக்கு எட்டாது. பாய்தான் பதில் சொன்னார், பரமனையும் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு. "நீங்க முன்னாலதான உக்காரப் போறீக? இன்னிலருந்து லைட்டப் பாக்குற சோலி உங்களுக்கு. பரமன் ரோட்டப் பாக்கட்டும். எரிஞ்சா மொதல்ல சத்தம் போட வேண்டியது நீங்கதான்." பரமன் தலையாட்டினான். வெள்ளையம்மா ஏதோ உத்தியோகம் கிடைத்த மாதிரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து எடுப்பு முடியும்வரை அவள் முன் சீட்டில்தான் போனாள். அடுத்த வருஷமும் போனாள். பெரிய பெண்ணுக்கு நல்ல இடத்தில் கல்யாணமாயிற்று, எங்களுக்கும் பத்திரிகை வந்தது. பாயும் நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். என்னை யாரும் அதற்கப்புறம் கைராசிக்காரன் என்று சொல்லவில்லை. என் மனைவி மட்டும் குடத்தை நீட்டும்போது சொல்வாள்.

கல்யாணம் முடிந்த பிறகு ஒரு மழைக்காலம். நான் ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன். மலையிலிருந்து இறங்கிய ஒரு லாரி வாசலில் நிற்க, பரமன் நனைந்து குதித்து ஓடி வந்தான்.

"அண்ணே, லைட்டு எரிஞ்சிருச்சு!"

வெள்ளையம்மா அன்றைக்குக் கேட்ட கேள்விதான் முதலில் ஞாபகம் வந்தது. "முன்னால யாருப்பா உக்காந்திருந்தா?" என்று கேட்டுவிட்டேன்.

பரமன் என்னை ஒரு பைத்தியக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"யாரு உக்காந்திருந்தா என்னண்ணே? ஆயில் பைப்பு ஒடஞ்சு ரோடெல்லாம் ஊத்திருச்சு. வெள்ளையம்மாக்கா பாத்துச் சத்தம் போடலைன்னா இந்நேரம் என்ஜினே போயிருக்கும். பைப்ப எடுத்துட்டு வெரசா வாங்க, பொம்பளைக மழையில நிக்கிறாக."